சூரியனுக்குத் தட்டிய கைகள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் தம்பி ஃபப்ரீசியோவுடையது. அவனுக்கு எழுத வராது, எனக்கோ கை சும்மா இருக்காது. "எழுதிக்கோ அக்கா. ஆனா என்னை ரொம்ப நல்லவனாக் காட்டாதே, எவனும் நம்பமாட்டான்" என்று அனுமதி கொடுத்தான். பேரையாவது மாற்றட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? இந்தப் பீச்சுல இருக்குற அத்தனை பேருக்கும் தெரியுமே" என்றான். ஆகவே பெயர்கள் அப்படியே இருக்கின்றன. என் பெயர் ஸுல்மா.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஜனவரி மாதத்துக் கடல் தன் நீல விரல்களால் கரையை..."

சீ! கடலுக்கு ஏது விரல்? அடித்துவிட்டேன். அடுத்தது:

"நவீன மனிதன் நிகழ்கணத்தில் வாழ்வதில்லை. அவனுடைய மனம் எப்போதும்..."

இது பிரசங்கம். வாசிக்கிறவர் இந்நேரம் எழுந்து காபி போடப் போயிருப்பார். மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன், அழகில்லாவிட்டாலும் அதுதான் விஷயம்:

என் தம்பியிடம் அவன் மகளை இனிமேல் அனுப்புவார்களா மாட்டார்களா என்பது அந்தக் கோடையில் முடிவாக வேண்டியிருந்தது.

2

அவனும் அவன் மனைவி மரியெலாவும் பிரிந்துவிட்டார்கள். சண்டை சச்சரவு இல்லை, பிரிந்தார்கள், அவ்வளவுதான். மகள் இரூபே அம்மாவோடு தலைநகர் மோந்தேவிதேயோவில் இருக்கிறாள். கோடையில் மட்டும் எங்கள் கடலோர ஊருக்கு, அப்பாவிடம் வருவாள். ஐந்து வயது. கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள்.

அதற்கு முந்தின கோடையில் என்ன நடந்தது என்றால் (இதை எழுத அவனே சொன்னான்), கடற்கரையில் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. கோடைக்கு வருகிறவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். எங்கள் நாட்டில் ஜனவரிதான் உச்சக் கோடை, அந்த மாதம் முழுக்க ஃபோன் காதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பேசினான், பேசிக்கொண்டே நடந்தான், நடந்துகொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான். கதவைத் திறந்தபிறகுதான் பிள்ளை கூட வரவில்லை என்பது உறைத்தது. அதற்குள் ஐஸ்கிரீம்காரரே அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மரியெலா கத்தவில்லை. கத்தியிருந்தால் பிழைத்தோம் என்று இருந்திருப்போம். "எனக்குக் கோபமெல்லாம் இல்ல ஃபப்ரி" என்றாள். "நீ வர்றப்ப உன் உடம்பு மட்டும்தான் வருது. அடுத்த கோடைக்கு ஒரே ஒரு தடவை அனுப்புறேன். மறுபடி இந்த மாதிரி ஆச்சுன்னா, நீ இங்க வந்து பாத்துட்டுப் போ. அங்க அனுப்புற பேச்சே கிடையாது."

அவன் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நான் என்ன செய்யட்டும்?"

"ஃபோனைத் தூக்கிக் கடல்ல போடு."

"போட்டுட்டு? வயித்துக்கு ஈரத்துணியா?"

"அப்ப க்ரிசெல்தாகிட்ட போ."

3

க்ரிசெல்தாவை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். கவனப் பயிற்சி சொல்லித் தருகிறவள் என்றதும் உங்களுக்கு ஒரு முகம் தோன்றியிருக்கும்: வெள்ளை உடை, மெல்லிய குரல், எதற்கெடுத்தாலும் ஒரு புன்னகை. என் முதல் பிரதியில் நானும் அப்படித்தான் எழுதித் தொலைத்தேன். உண்மையான க்ரிசெல்தா என்னைவிடச் சின்னவள், நகராட்சிக் குளத்தில் நீச்சல் சொல்லிக் கொடுத்தவள். அவள் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவில் ஜன்னலைச் சாத்துவார்கள். யாரோ போட்டுத் தேய்ந்த கால்பந்துச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டுதான் வகுப்புக்கு வருவாள்.

தம்பிக்குத் துணைக்கு நானும் போனேன். (வேடிக்கை பார்க்கத்தான் போனேன். துணை என்பது சும்மா.)

"புதுசா எதுவும் பண்ணப் போறதில்ல" என்று ஆரம்பித்தாள். "கோடையில என்ன செய்வோமோ அதையேதான் செய்யப் போறோம். தண்ணி ஓரமா நடக்குறது, தர்பூசணி திங்கிறது, மணல்ல உக்கார்றது. ஆனா செய்யிறப்ப அங்கயே இருக்கணும். கால் இங்க, கவலை வங்கியிலன்னு இருக்கக் கூடாது."

வெறுங்காலோடு நடந்தோம். குதிகால் பதிவதை, மணல் இளகுவதை, தண்ணீர் கணுக்காலைச் சுற்றிவிட்டுத் திரும்புவதைக் கவனிக்கச் சொன்னாள். அது பரவாயில்லை. எங்கள் இலைத் தேநீரான மாத்தேயைக் குடிக்கும்போது பேசக் கூடாது என்றாளே பார்க்கலாம்! தெர்மாஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரே சுரைக் குடுவையை மாற்றி மாற்றி உறிஞ்சி, ஊர் வம்பு பேசத்தான் எங்களுக்கு மாத்தே.

"பேசாம குடிக்கணும்னா அப்புறம் எதுக்கு மாத்தே? கஷாயம் குடிச்சுட்டுப் போலாமே" என்றேன்.

"ஸுல்மா, நீங்க ஒரு வாய் குடிக்கிற நேரம் உங்க வாயை மூடி வெச்சா இந்த ஊருக்கே பயிற்சி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், என் தம்பி உட்பட, நன்றிகெட்டவன்.

கடைசிப் பயிற்சி எப்போதும் கண்ணை மூடிக் கேட்பது. "சத்தத்துக்குப் பேர் வெக்காதீங்க. நாய், அலை, மோட்டார்னு சொல்லாதீங்க. எங்கேர்ந்து வருது, கிட்ட வருதா, தூரப் போகுதா, அதை மட்டும் கவனிங்க."

தம்பிக்கு முதலில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வகுப்பு முடியும்வரை என் பைக்குள் போட்டுவைத்த அவன் ஃபோன் அடிக்கிறதா என்பது மட்டும்தான் கேட்டது. பிறகு இரூபே வந்தாள். அவளையும் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். நாங்கள் மூச்சுப் பிடித்துக் கற்றுக்கொண்டிருந்ததை அவள் பிறவியிலேயே செய்துகொண்டிருந்தாள். ஒரு நண்டு வளைக்கு முன்னால் அவள் குந்தி உட்கார்ந்தால் நண்டு வெளியே வந்தே ஆக வேண்டும். ஒரு நாள் அவள் பக்கத்தில் அவனும் குந்தியிருந்தான். என் பைக்குள் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் திரும்பியே பார்க்கவில்லை.

[இங்கே "அன்று அவன் மாறிவிட்டான்" என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். யாரும் அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை.]

3, தொடர்ச்சி

"கைதட்டுறதைப் பத்தி முன்னாடியே சொல்லிடு அக்கா, இல்லேன்னா ஒண்ணும் புரியாது" என்கிறான் தம்பி. சரி. எங்கள் கடற்கரையில் இரண்டு விஷயத்துக்குக் கைதட்டுவோம். சூரியன் கடலில் இறங்கும்போது தட்டுவோம். நல்ல நாள் ஒன்றைக் கொடுத்ததற்கு மரியாதை. பிள்ளை யாராவது தொலைந்து நின்றாலும் தட்டுவோம். கண்டவர் அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கரையோரம் நடப்பார், சுற்றியிருப்பவர்கள் தட்டிக்கொண்டே கூடப் போவார்கள். தட்டும் சத்தம் கேட்டதும் பெற்றவர்கள் ஓடி வருவார்கள். பிறந்ததிலிருந்தே எங்களுக்கு இது தெரியும். தெரிந்ததால்தான் வினையே வந்தது.

4

அன்று சாயங்காலம். வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தோம், க்ரிசெல்தாவும்தான். தம்பி கால்களை நீட்டியிருந்தான். இரூபே அவற்றின்மேல் மணலைக் கொட்டி மூடிக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் கைதட்டல் கேட்டது.

பேர் வைக்கக் கூடாதுதான். ஆனால் எல்லார் மனதிலும் ஒரே பேர்: சூரியன்! முகத்தில் வெயில் தணிந்திருந்தது, நேரமும் அதுதான். கண்ணைத் திறக்காமலே நானும் தட்டினேன். வட்டம் முழுக்கத் தட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் ஃபப்ரீசியோ. அவனுக்குத்தான் அன்று மனம் நிறைந்து கிடந்ததே. எங்களைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த சுற்றுலாக்காரர்கள் தட்டினார்கள், அவர்களைப் பார்த்து அடுத்த குடைக்காரர்கள்.

நான் கண்ணைத் திறந்தேன். சூரியன் இன்னும் கடலுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

தம்பியும் திறந்தான். அவன் கால்மேல் மணல் மேடு இருந்தது. இரூபே இல்லை.

"அக்கா... கால் கனமா இருந்துச்சு. அவ இன்னும் கொட்டிக்கிட்டே இருக்கான்னு நெனச்சேன்."

முதலில் கேட்ட அந்தத் தட்டல் யாருக்காக என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சொந்தப் பிள்ளை தொலைந்ததற்குத் தகப்பன் கைதட்டியிருக்கிறான், அத்தை கைதட்டியிருக்கிறேன். இப்போதோ கரை முழுக்கத் தட்டுகிறது. எந்தப் பக்கம் ஓடுவது? அதற்குள் சூரியனும் இறங்கத் தொடங்கிவிட்டது. இனி யார் நிறுத்துவார்கள்? உயிர்காப்பாளர்கள் கொடியைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அலை பெரிதாக வந்துகொண்டிருந்தது. நான் கடலைப் பார்க்கவே பயந்தேன்.

"நிறுத்துங்க! தட்டாதீங்க!" என்று கத்தினேன். என் உற்சாகத்தைப் பாராட்டி இன்னும் பலமாகத் தட்டினார்கள் பாவிகள். தம்பி சத்தம் அதிகமாக இருந்த இடப்பக்கம் ஓடினான். அங்கே ஒரு குடும்பம் சுர்ரோ பலகாரம் தின்ற எண்ணெய்க் கையோடு சூரியனுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. என் பைக்குள் ஃபோன் அடித்தது. மரியெலா. மகளோடு பேசத் தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள்.

அவன் நின்றான். நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "கண்ணைத் தொறடா மடையா! புள்ளையைக் காணோம், இப்பத்தான் உனக்குப் பயிற்சி கேக்குதா?"

"அக்கா, வாயை மூடு."

வாழ்நாளில் அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. மூடிக்கொண்டேன்.

"ஒண்ணு நடக்குது" என்றான்.

"என்னடா நடக்குது?"

"மத்த கைதட்டலெல்லாம் நின்ன இடத்துல நிக்குது. ஒண்ணு மட்டும் நடந்து போகுது. பாறைப் பக்கம். நம்மளை விட்டுத் தூரப் போகுது."

கண்ணைத் திறந்தான், ஓடினான்.

[இங்கே ஓட்டத்தைப் பற்றி ஒரு பத்தி வர வேண்டும். எழுதிப் பார்த்தேன், சினிமா மாதிரி இருக்கிறது. அவன் ஓடினான், நான் செருப்பை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன், எனக்கு மூச்சு வாங்கியது. போதும்.]

பாறைகளுக்கு இப்பால் ஒரு மலை போன்ற ஆள் போய்க்கொண்டிருந்தார். ஒரு கையால் இரூபேயின் காலைப் பிடித்திருந்தார். இன்னொரு அக்குளில் தெர்மாஸ், பிள்ளையைத் தூக்கினாலும் அதைக் கீழே வைப்போமா! பின்னால் ஒரு கூட்டம் சீராகத் தட்டிக்கொண்டே நடந்தது. அவர் தோளில் உட்கார்ந்து இரூபேயும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா! எனக்குத்தான் எல்லாரும் தட்டுறாங்க!"

தம்பி அவளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். கூட்டம் ஆர்ப்பரித்தது. விஷயம் கரையோரமாகப் பரவ, சூரியனுக்குத் தட்டிய அத்தனை பேரும் திரும்பி நின்று எங்களுக்குத் தட்டினார்கள். குடைகளுக்கு அடியிலிருந்தும், தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்றபடியும் தட்டினார்கள். எங்களைப் பெற்ற புண்ணியவதி இதைப் பார்க்கவில்லையே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே நானும் தட்டினேன், இந்தத் தடவை எதற்கென்று தெரிந்து.

"முதல்ல ஒரு மாத்தே குடிங்க, மூஞ்சி வெளுத்துப் போச்சு" என்று அந்த மலை மனிதர் தம்பியிடம் குடுவையை நீட்டினார்.

"எங்கம்மா போன?" என்று தம்பி மகளைக் கேட்டான்.

"ஒரு சத்தம் தூரப் போச்சு. எங்க போகுதுன்னு கவனிக்கணும்னு டீச்சர்தானே சொன்னாங்க? கூடவே போனேன். நாய்ப்பா அது!"

பின்னால் ஓடி வந்து சேர்ந்த க்ரிசெல்தா இதைக் கேட்டுவிட்டு, "ஐயோ கடவுளே" என்று மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

5

இப்போது முடிவு. ஃபோன் மறுபடி அடித்தது.

ஒரு பிரதியில் அவன் மரியெலாவிடம் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த முடிவு என் யோசனை, நானே அந்த இடத்தில் அவன் காதில் ஓதியது. "சொல்லாதேடா. புள்ளை கிடைச்சாச்சு. தெரிஞ்சா அனுப்பமாட்டா."

"பீச்சு முழுக்கத் தெரியும் அக்கா."

"அவளுக்குத் தெரியாதுல்ல?"

"அதனாலதான் நான் சொல்லணும்" என்று ஃபோனை வாங்கிக்கொண்டான்.

இன்னொரு பிரதியில் மரியெலா கேட்டதும் உருகி, அடுத்த பேருந்திலேயே... வேண்டாம், அவளுக்கு உருகுகிற வழக்கம் இல்லை. வேறொன்றில் "என்னைக்குமே திருந்தமாட்டே" என்று பட்டென்று வைத்துவிடுகிறாள். அதை எழுதி முடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கிழித்துவிட்டேன்.

அவன் சொன்னதை மட்டும் அப்படியே தருகிறேன். "மரியெலா, இன்னைக்கு இரூபேயைத் தொலைச்சுட்டேன். அப்புறம் நானே கண்டுபிடிச்சேன். ரெண்டையும் என் வாயால சொல்லணும்." எதையும் விடாமல் சொன்னான். மணல் மேட்டை, தானே கைதட்டியதை, எப்படிக் கேட்டு எந்தப் பக்கம் ஓடினான் என்பதை. இழுக்கவில்லை, கெஞ்சவில்லை. சொல்லி முடித்ததும் நிறுத்திக்கொண்டான்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். நான் அவன் அக்கா, எனக்கு நடுநிலை கிடையாது; என்னைக் கேட்டால் ஊரைக் கூட்டி அவனுக்கு இன்னொரு தடவை தட்டச் சொல்வேன். அதனால் இதை நீங்கள் முடியுங்கள். மோந்தேவிதேயோவில் உங்கள் சமையலறையில் ஃபோனைக் காதில் வைத்து நிற்கிறீர்கள். பிள்ளை உங்களுடையது. தொலைத்தவன் அவன். தேடிப் பிடித்தவனும் அவன். கேட்காமலே வந்து ஒப்புக்கொண்டவனும் அவன்தான். அடுத்த ஜனவரிக்கு அவளை அனுப்புவீர்களா?

நிதானமாகச் சொல்லுங்கள். மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்திருக்கிறான். வேறு எங்கும் போகவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறான்.