உச்சி மாடத்துக் கைதட்டல்

மான்டேவிடியோவின் பெரிய அரங்கத்தில், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அனிபால் ஒற்றை ஆளாகக் கைதட்டினார் என்பதற்காக, ஒரு முழு சிம்பொனிக் குழுவும் வாசித்ததையே மறுபடி வாசித்தது. கிளாரினெட்காரர் உச்சி மாடத்தை நிமிர்ந்து பார்த்து, இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினார். சீமாட்டிகள் விசும்பி அழுதார்கள். சரவிளக்கு தானாகவே ஆடியது.

முதல் தடவை சொன்னபோது சரவிளக்கு ஆடவில்லை. சீமாட்டிகளும் குளிர்காலத்துக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். ரொட்டிக் கடையிலும், சலூனிலும், கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சும் கூட்டத்திலும் ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அந்தக் கதை அனிபாலை விடவும் கொழுத்துவிட்டது. முதலில் சிரித்த தெருக்காரர்களே இப்போது முக்கால்வாசி நம்பத் தொடங்கிவிட்டார்கள். துளியும் நம்பாத ஒரே ஆள், அன்றைக்கு அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா சுல்மா. அந்த நேரம் பார்த்து இருமல் வந்து வெளியே போய்விட்டதாகச் சொல்வாள். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவள். பாட்டு முடியும் முன் கைதட்டிய குழந்தைகளை அவள் பார்த்த பார்வையில், சில குழந்தைகள் கால்பந்துக்கே போய்விட்டார்களாம்.

தப்பு அனிபாலுடையது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. முந்தைய நாள் ஜாஸ் கச்சேரி. ஜாஸில் ஒருத்தர் தனியாக வாசித்து முடித்தால் நடுவிலேயே தட்டியாக வேண்டும், தட்டாதவன் கல்நெஞ்சன். சிம்பொனியில் நடுவில் தட்டுவதும் பக்கத்து இருக்கைக்காரரின் காதைக் கடிப்பதும் ஒன்று. அனிபால் சிம்பொனிக்கு வந்து உட்கார்ந்திருந்தாலும், அவருடைய கைகள் இன்னும் முந்தைய நாளை விட்டு வரவில்லை. கிளாரினெட்காரர் தனியாக வாசித்த பகுதி முடிந்ததும், நடுவிலேயே அவை தட்டிவிட்டன.

இப்போது மறுபடி மார்ச் மாதம். புதிய பருவத்துக்கான கச்சேரிப் புத்தகம் சமையலறை மேஜையில் விரிந்து கிடந்தது. உச்சி மாடத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு இருக்கைகள், எட்டு மாலைகள். இருக்கைகள் சுல்மாவின் பெயரில். எந்தெந்த எட்டு என்பதை மதியத்துக்குள் அரங்கத்தில் சொல்லியாக வேண்டும்.

"எட்டும் சிம்பொனிதான். ஜாஸ் கிடையாது," என்றாள் சுல்மா.

"அக்கா, பிரேசில்ல பாஹியாவிலேர்ந்து ஒரு டிரம்ஸ்காரன் வரான். அவன் அடிச்சா ஆத்துக்கு அந்தப் பக்கம் புவெனஸ் ஐரஸ்ல பாத்திரம் உருளுமாம்."

"வாசிக்கிறவனுக்கே அடுத்து என்ன வரும்னு தெரியாது. அதுக்கு நான் அவ்வளவு படி ஏறணுமா?"

"உன் சிம்பொனியில அடுத்து என்ன வரும்னு எல்லாருக்கும் தெரியும். அதான் பாதிப் பேர் கண்ண மூடிக்கிறாங்க."

"அவங்க ரசிக்கிறாங்கடா!"

"குறட்டை விட்டா?"

சுல்மா புத்தகத்தைப் படாரென்று மூடினாள். "இந்த வருஷம் ஒஃபேலியாவக் கூட்டிட்டுப் போகப்போறேன்."

அனிபாலின் கையிலிருந்த பிஸ்கோச்சோ பன் மேஜையில் விழுந்தது. ஒஃபேலியா எதிர்வீட்டுக்காரி. அவள் மிட்டாய்த் தாளைப் பிரித்தால் துறைமுகத்தில் கப்பல் திரும்பிப் பார்க்கும்.

"அவ கையத் தட்ட மாட்டா," என்றாள் சுல்மா. "உனக்கு வரணும்னா ஒண்ணு செய். அந்தக் கிளாரினெட் கதை பொய்னு ஒத்துக்கோ. ரொட்டிக் கடையில கூட என்னப் பாத்து, 'தட்டினாரே, அவரோட அக்காவா?'ன்னு கேக்கறாங்க. தலை காட்ட முடியல."

அனிபால் ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த இருக்கை இல்லையென்றால் எட்டு மாலைகளும் இந்தச் சமையலறைதான். கூடவே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும் டிவி. ஆனால் அந்தக் கதை இல்லையென்றால் அவர் யார்? நின்றுபோன லிஃப்ட்டுகளை ஓட வைத்த ஒரு கிழவர். அவ்வளவுதான்.

தொலைபேசி அடித்தது. ஒஃபேலியாவாகத்தான் இருக்கும். சுல்மா எழுந்தாள்.

"சரி, பொய்," என்றார் அனிபால்.

சுல்மா நின்றாள்.

பொய் என்று சொல்வதைக்கூட அடக்கமாகச் சொல்லத் தெரியாத மனிதர் அவர். "சுத்தப் பொய்! நான் தட்டவே இல்ல. அவங்க திருப்பி வாசிக்கவும் இல்ல. அன்னிக்கு நான் பல்வலியோட வீட்டுல கிடந்தேன். அரங்கமே பூட்டியிருந்தது. கிளாரினெட்காரன்னு ஒருத்தன் உலகத்துலயே கிடையாது. அவன் எதையும் வாசிக்கல!"

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. சுல்மா அதை எடுக்கவில்லை.

"டேய், அப்படிச் சொல்லாதே," என்றாள். "அவர் வாசிச்சத இல்லன்னு சொல்லாதே."

"நீதான் வெளியில இருந்தியே?"

"நான் எங்கடா வெளியில போனேன்?" அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரவிளக்கு ஆடல. யாரும் அழல. ஆனா கடைசியில இசைக்குழு நடத்துனர் கிளாரினெட்காரர எழுந்திருக்கச் சொன்னாரு. அவர் மேல பாத்துக் குனிஞ்சாரு. அந்த இடத்த மட்டும் இன்னொரு தரம் வாசிச்சாங்க. நடந்தது. எல்லாம் நடந்தது."

அனிபால் மேஜையில் விழுந்த பிஸ்கோச்சோவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ ஒருத்தன்தான் தட்டினேன்னு ஊரெல்லாம் சொல்றியே, அதுதான் பெரிய பொய்," என்ற சுல்மா, தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன கையுறைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.