பூட்டுக்காரர் கிளம்பிய காலை

பல் தேய்ப்பதற்கு முன்பே வண்டியைச் சுற்றி ஒரு நடை போய் வருவது பூட்டுக்காரரின் வழக்கம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே உள்ள பெரிய வேன் அது. அவருக்கு வீடும் அதுதான். வேனுக்குப் பின்னால் ஒரு சின்னக் கார். இரண்டையும் சேர்ப்பது ஓர் இழுவைக் கம்பி. அதை வேனோடு பிடித்து வைக்கும் தடித்த ஆணிக்கு ஒரு பூட்டு. ஆணி போனாலும் கார் பிரிந்து ஓடாமலிருக்க இருபுறமும் சங்கிலி, அதற்கும் பூட்டு. அவருக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தப் பூட்டுகளால்தான். வேன் கதவுக்கு அலாரம். அது போதாதென்று, இழுவைக் கம்பி யார் கண்ணிலும் படாதபடி தார்ப்பாய் சுற்றி, தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு முடிச்சையும் போட்டிருந்தார். காலை நடையில் அந்த முடிச்சைத்தான் பார்ப்பார். முடிச்சு சரியாக இருந்தால் உலகமே சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு வீட்டை விற்றுவிட்டு, வண்டிகளில் குடியிருப்பவர்கள் தங்கும் இந்த மைதானத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கார் மனைவி ஓட்டியது. அதன் பக்கத்தில் யார் வந்தாலும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பூனை கதவில் தாவி அலாரம் அடித்தால் வெளியே வந்து பூனையைத் திட்டுவார். சில நாட்களில் அவர் வாய் திறந்து பேசுவது அந்தப் பூனையிடம் மட்டும்தான்.

பக்கத்து வேனில் தையல்காரம்மா இருந்தாள். வந்த புதிதில் ஒருநாள், அவர் காருக்குள் விளக்கு எரிவதைக் கண்டு எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் அவள் கை பட்டதுதான் தாமதம்.

“என் வண்டிகிட்ட உங்களுக்கு என்னம்மா வேலை?”

“இல்லண்ணே, உள்ள லைட்டு எரியுது...”

“அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்தா போதும்.”

முகத்தில் அடித்தது போல இருந்தது அவளுக்கு. அதன்பின் இருவரும் பேசவேயில்லை.

போன வாரம் மகள் போன் செய்தாள். “எத்தனை நாளைக்குப்பா அங்க தனியா கிடப்பீங்க? எங்க வீட்டு வாசல்லயே வண்டிய நிறுத்திக்குங்க, வாங்க.” இரண்டு வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை அது. “பாக்கலாம்” என்று கெத்தாகச் சொல்லி வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

மகள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் பேத்திக்குப் பொம்மை வாங்கக் கடைக்குப் போனார். அந்த நேரம் பார்த்துத் திருடன் வந்தான். தார்ப்பாயை அடிப்பக்கமாகக் கிழித்தான், பூட்டுகளை அறுத்தான், ஆணியையும் சங்கிலியையும் பையில் போட்டுக்கொண்டான். கம்பி கீழே விழுந்து காட்டிக்கொடுக்காமலிருக்க, ஆணி இருந்த துளையில் ஒரு மெல்லிய இரும்புத் துண்டைச் செருகிவிட்டுப் போனான்.

தையல்காரம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். கத்தத்தான் வாயெடுத்தாள். அன்றைக்கு வாங்கிய திட்டு ஞாபகம் வந்தது. ‘மெக்கானிக்கா இருப்பான், நமக்கேன் வம்பு’ என்று மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். மெக்கானிக் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

சாயங்காலம் அவர் வந்து முடிச்சைப் பார்த்தார். போட்டது போட்டபடி இருந்தது. நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் வேன் உறுமியது. மைதானத்து வாசலைத் தாண்டினால் செங்குத்தான இறக்கம், அடியில் பள்ளிக்கூடம், பிள்ளைகள் வருகிற நேரம். தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு ஓடி வந்து வேனுக்கு முன்னால் நின்றாள். அவர் ஹாரனை அமுக்கினார். அவள் நகரவில்லை.

“வழிய விடுங்கம்மா!”

“மாட்டேன். எறங்கிப் பின்னால பாருங்க.”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கி முடிச்சை அவிழ்த்தார். பத்தடி நகர்ந்ததற்கே இரும்புத் துண்டு வளைந்துவிட்டிருந்தது. சங்கிலியைக் காணோம். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எப்போ நடந்துச்சு?”

“நேத்து மத்தியானம். நான் பாத்தேன்.”

“பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க?”

“ஆமாண்ணே. பட்டாத்தான் புத்தி வரும்னு இருந்துட்டேன்.” அவள் குரல் உடைந்தது. “நீங்க என்னைத் திட்டினீங்க, சரி. கீழ ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்க என்னை என்ன திட்டுச்சு? என் மேலயும் தப்புதான்.”

கோபப்பட நியாயம் இருந்தும் அவருக்குக் கோபம் வரவில்லை. மகளுக்குப் போன் செய்து, எல்லாம் சரிசெய்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றார். பிறகு தையல்காரம்மாவைப் பார்த்து மெதுவாகப் பேசினார்.

“பூட்டு வேணாம்னு சொல்லலம்மா. ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி ஆணியையும் சங்கிலியையும் கையால தொட்டுப் பாத்திருக்கணும், பாக்கல. பக்கத்துல இருக்கறவங்க ஒரு குரல் குடுக்கற மாதிரி நடந்திருக்கணும், அதுவும் நடக்கல. திருடனுக்குப் பயந்து எல்லாரையும் விரட்டிட்டேன். கடைசியில கிட்ட வந்தது அந்தத் திருடன் மட்டும்தான்.”