மெழுகுப் பல்

பல் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுச் செய்முறைத் தேர்வு. இரண்டு மணி நேரத்தில் ஒரு மெழுகுக் கட்டியைக் கடைவாய்ப் பல்லாகச் செதுக்க வேண்டும். அவள் முக்கால்வாசி முடித்திருந்தாள். கத்தி நுனியைப் பல்லின் முகட்டில் வைத்தபோது கை உதறியது. முகடு பெயர்ந்து மேசையில் விழுந்தது. தேர்வாளர் வந்து பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

வெளியே வந்து விரல்களை விரித்துப் பார்த்தாள். நிற்காமல் ஆடின. அவள் அப்பா முடிதிருத்துபவர். நாற்பத்தைந்து வயதில் அவருக்கும் இப்படித்தான் கை ஆடத் தொடங்கியது. ஒருநாள் ஒருவரின் காதோரம் கீறிவிட்டார். அன்று கீழே வைத்த கத்தியை அப்புறம் எடுக்கவே இல்லை. நரம்புக் கோளாறு என்றார்கள். அவளுக்குப் பத்தொன்பதுதான் ஆகிறது.

வீட்டில் சொல்லவில்லை. எந்நேரமும் காதருகே ஏதாவது முனகிக்கொண்டே இருப்பதால் கொசு என்று பெயரெடுத்த அறைத்தோழியிடமும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் மறுதேர்வு. பயத்தை விரட்டப் படித்தாள்; படிப்பதற்காக இன்னும் காப்பி குடித்தாள். நெஞ்சு படபடத்தது. ஒரே பக்கத்தை நான்கு தடவை படித்தும் மனதில் நிற்கவில்லை. படுத்தால் தூக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மதியம் அவள் சாவியை நுழைக்க முடியாமல் அறைப் பூட்டோடு மல்லுக்கட்டுவதைக் கொசு பார்த்துவிட்டாள். பேச்சை வளர்க்காமல் கல்லூரி மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

மருத்துவர் நாடி பார்த்தார். கை எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கத் தாளில் ஒரு சுருள் வரையச் சொன்னார். அப்பாவின் கதையை முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை காப்பி என்றார்.

"மூணு, நாலு இருக்கும் டாக்டர்."

"பொய் சொல்றா," என்றாள் கொசு. "எட்டு. அதுக்கு மேல அந்த எனர்ஜி டிரிங்க் ரெண்டு டப்பா."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு குடிச்சா எனக்கும் கை ஆடும்மா. கொஞ்சம் கொஞ்சமா குறை. ரெண்டு வாரம் கழிச்சும் ஆடினா நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பறேன். ஒரேயடியா நிறுத்திடாத, தலைவலி உயிரை எடுத்துடும்."

அவள் ஒரேயடியாகத்தான் நிறுத்தினாள். மூன்று நாள் மண்டை பிளந்தது. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். கொசுவின் மேல் எரிந்து விழுந்தாள். நான்காம் நாள் கொசுவே அரைக் குவளை காப்பி கலந்து கொண்டுவந்து, குடித்துத் தொலை என்று நீட்டினாள். அதன்பின் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஆனது. விரல்கள் மெல்ல மெல்ல அடங்கின.

மறுதேர்வில் அவள் செதுக்கிய பல்லை அழகென்று சொல்ல முடியாது. ஆனால் முகடுகள் முழுசாக இருந்தன. தேறிவிட்டாள்.

அன்று மாலை வீட்டுக்குப் பேசினாள். அப்பாதான் எடுத்தார்.

"உங்களுக்கு மொதல்ல கை ஆடினப்ப யார்கிட்டப்பா சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லலம்மா. ஒரு வருஷம், கத்தி சரியில்லன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஏன் கேக்கற?"

அவள் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.