வயலின்காரரின் இடது காது

உலகமே காது கொடுத்துக் கேட்ட வயலின்காரரின் சிலைக்கு அவள் சொல்லியிருந்த விலை பன்னிரண்டாயிரம். இசை மன்றத்துச் செயலாளர் எட்டில் ஆரம்பித்து, மண்ணுதானேம்மா என்று இழுத்தார். அப்படியானால் ஒரு கூடை அள்ளிக்கொண்டு போய் மன்ற வாசலில் கொட்டிக்கொள்ளுங்கள் என்றாள். பன்னிரண்டுக்கே படிந்தது.

இன்று புருஷனை முன்னறையில் கிடத்திவிட்டு, பட்டறையில் அந்த மண் தலையின் ஈரத்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு வயது எழுபத்துநாலு. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் படுத்தவர், விடிந்து எழுந்திருக்கவில்லை. கொடுத்துவைத்த சாவு என்றார்கள் வந்தவர்கள். அவளும் மறுக்கவில்லை.

மூக்கு, மோவாய், வலது காது எல்லாம் முடிந்திருந்தன. இடது காதுதான் பாக்கி. கிடைத்த படங்களிலெல்லாம் காலமான வயலின்காரர் வலப்பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தார். படத்தில் தெரியாத இடது காதுக்குப் புருஷன் வைத்திருந்த வழி ஒன்றுதான்: ஒரு கை தன் காதில், மறு கை மண்ணில். தடவித் தடவியே செய்துவிடுவார். சட்டைப் பித்தான், செருப்பு, வயலின் கம்பி இவையெல்லாம் அவள் வேலை. முகத்தில் அவள் கை வைத்ததே இல்லை.

நாலு மணிக்குச் சுடுகாட்டு வண்டி.

பலகையோடு மண் தலையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தவளைக் கொழுந்தனார் வழிமறித்தார்.

“அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க. நாளைக்குச் செஞ்சா ஆகாதா?”

“நாளைக்கு அந்தக் காது எங்க இருக்கும்?”

அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

இடது கை புருஷன் காதில், வலது கை மண்ணில். பின்னாலிருந்து பார்த்தவர்கள், கன்னத்தைத் தடவுகிறாள் என்று பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். மேல்விளிம்பு வந்தது. உள்மடிப்பு இரண்டு தரம் அழித்த பிறகு வந்தது. மடலில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. பெரிய மனுசங்களுக்கு என் தழும்பு எதுக்கு என்று அதை மட்டும் எப்போதும் விட்டுவிடுவார். அவள் விரல் அங்கே சற்று நின்றது. பிறகு மண்ணில் நகத்தால் ஒரு கீறல் வைத்தாள்.

துக்கம் கேட்க வந்த செயலாளர் முறையாகத் தலை குனிந்து நின்றார். கண் மட்டும் முக்காலிக்குப் போய்விட்டது.

“முப்பது வருசமா முன்வரிசையில உக்காந்து அவர் வாசிப்பைக் கேட்டவன்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “அந்தக் காது அச்சு அசல். தழும்புகூடத் தப்பல.”

“பக்கத்துல இருந்து பாத்துச் செஞ்சது,” என்றாள்.

கொழுந்தனார் இருமிக்கொண்டே வெளியே போனார்.

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. கைமண்ணைக் கழுவாமல் வாசலில் நின்று, புருஷன் காதோடு நிற்கும் சிலைகளை விரல்விட்டு எண்ணினாள். நூலகத்து வாசலில் நீதிபதி, ஆஸ்பத்திரிக் கூடத்தில் பெரிய டாக்டர், படகுத்துறையில் மாலுமி என்று போய், வயலின்காரரோடு பதினேழு.

வண்டியில் போன காது இரண்டு. நிற்பது பதினேழு.