மெஷின் முதுகில் மாவுச் சட்டி

என் மடிக்கணினிக்குப் பதினோரு வயது. ஒரு பக்கக் கீல் உடைந்து டேப்பில் நிற்கிறது. முப்பரிமாணப் படம் எதையாவது அதில் திறந்தால் மூச்சுவாங்கி அணைந்துவிடும். ஆனாலும் மலையூரான நாரினில் உட்கார்ந்து அதை வைத்துத்தான் ஓட்டல் கட்டுகிறேன். நிஜமாக உழைப்பது தலைநகர் பிஷ்கெக்கில், மாமியார் வீட்டு விருந்தறையில் இருக்கும் என் பெரிய மெஷின். இணையம் வழியே, இங்கே சுட்டியை நகர்த்தினால் அங்கே நகரும். அந்தத் திரையில் தெரிவது இங்கேயும் தெரியும். கணவருக்கு மாற்றலாகி நாங்கள் மலையேறியபோது, இவ்வூர் மின்சாரத்தை நம்பி அதைத் தூக்கிவர எனக்கு மனம் வரவில்லை.

கட்டப்போகும் கட்டடங்களைப் படமாக்கித் தருவது எங்கள் அலுவலக வேலை. முதலாளி தலாய்பெக்குக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை தாமதித்திருந்தேன். அன்று காலை போனில் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இங்க பாரு சிர்கா, அஞ்சு மணிக்குள்ள ஓட்டல் வீடியோ வரலன்னா, அந்த மலையிலயே ஆடு மேய்ச்சுக்கோ. உன் எடத்துக்கு ஆள் ரெடியா இருக்கு."

"அனுப்பறேன் அண்ணே. ஆடு வாங்கற செலவு உங்களுக்கு வேணாம்."

வாய்தான் அப்படிப் பேசியது. போனை வைத்ததும் மணியைத்தான் பார்த்தேன்.

வீடியோவுக்குத் தொள்ளாயிரம் படங்கள். ஒரு படத்தை மெஷின் வரையப் பன்னிரண்டு விநாடி என்றால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு ஓடவிட்டேன். ஒரு மணிக்குப் பார்த்தால் தொண்ணூறு படம்கூட முடியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் முதலில் என் கிழட்டு மடிக்கணினியைத்தான் திட்டினேன். பிறகுதான் அங்கிருக்கும் மெஷினின் சூட்டைப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து டிகிரி! அவ்வளவு சூட்டில் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மாமியாரைக் கூப்பிட்டேன்.

"அத்தை, மெஷின் பக்கத்துல ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணுமில்லடி. மாவுதான்."

"என்ன மாவு?"

"போர்சோக் ரொட்டி பொரிக்கத்தான். இந்தக் குளிர்ல மாவு பொங்கவே மாட்டேங்குது. உன் மெஷின் முதுகுல அடுப்பாட்டம் காத்து வருதே, வீணாத்தான போகுது? சட்டிய ஒட்டி வெச்சு மெத்தையால நல்லா போத்தி விட்டிருக்கேன்."

மூன்று மணிக்கு என் நாத்தனார் பெர்மெத்துக்குக் கம்மல் போட்டு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். கணவாய் பனியில் மூடியிருந்ததால்தான் நாங்கள் போகவில்லை. எங்கள் வீடுகளில் மருமகள் மாமியாரின் பெயரைக்கூட உச்சரிக்க மாட்டாள். ஆறு வருடத்தில் நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மனதுக்குள் பேசியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

"அதை எடுங்க அத்தை! இப்பவே எடுங்க! என் பொழப்பே அதுக்குள்ளதான் இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

விருந்தாளிகள் வரும் நாளில் அவரிடம் கத்தியிருக்கிறேன். விருந்தறையில் இடம் போதவில்லை என்று அவர் அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் யார் கேட்க முடியும்? திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு எண்பதுக்கு இறங்கியது. எழுபது. படங்கள் பழைய வேகத்தில் வரத் தொடங்கின. ஓட்டல் வாசல் தெரிந்தது, பிறகு கூடம், பிறகு ஏரி தெரியும் ஜன்னல். மூன்றரை மணிக்குச் சூடு நாற்பத்தெட்டு. ஓடும்போது அந்த மெஷின் அவ்வளவு குளிர்ந்து நான் கண்டதே இல்லை.

அப்போது பெர்மெத்தின் குரல் பதிவு வந்தது. கிசுகிசுவென்று பேசியிருந்தாள்.

"அண்ணி, அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. ரெண்டு ஜன்னலையும் தொறந்து போட்டுட்டாங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் கோட்டு, தொப்பியோட ஒக்காந்திருக்காங்க. எனக்கு வரப்போற மாமனார் மூக்கு செவந்துபோச்சு. மாவு பொங்கல, கடையில ரொட்டி வாங்கி வெச்சிருக்கு. கேட்டா, 'எங்க மருமக வேலை செய்யறா, மெஷினுக்குச் சூடு ஆகாது'ங்கறாங்க. எல்லாரும் உங்க ஓட்டலத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க."

கம்மல் போடும் நாளில் கடை ரொட்டி! அதுவும் குளிரில்! இதை அவர்கள் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள்.

மூன்றே முக்காலுக்குக் கடைசிப் படமும் முடிந்தது. உடனே அழைத்தேன். மாமியாரே எடுத்தார்.

"அத்தை, முடிஞ்சிருச்சு. ஜன்னலச் சாத்துங்க. எல்லாரும் வெறைச்சுப் போயிருப்பாங்க."

"அந்த மொதலாளிக்கு அனுப்பிட்டியா?"

"இல்ல, இனிமேதான்."

"மொதல்ல அனுப்பு. அப்பறம் சாத்தறேன்."