மூன்று பேருக்கு ஒரு நாற்காலி

ஹோரியா கணினியை விட்டு எழுந்திருக்க மறுத்தான். மூன்று பேர் அணிக்கு ஒரே கணினி என்பது இந்த நிரலாக்கப் போட்டியின் விதி. நாற்காலியில் இருப்பவன் வைத்ததே சட்டம். நேரம் முடியப் போகிறது. இந்தக் கணக்குக்கும் சரியான நிரல் அனுப்பிவிட்டால் இறுதிச் சுற்று. இல்லாவிட்டால் எங்கள் அணியின் மூன்றாமவன் மீர்ச்சாவுக்கு அதோடு சரி, அடுத்த ஆண்டு அவனுக்கு வயது தாண்டிவிடும். எனக்கும் ஹோரியாவுக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டு.

கணக்கு இதுதான்: டான்யூப் ஆற்றங்கரையில் இரண்டு படகுகள். மூட்டைகளை எடை வித்தியாசம் ஆகக் குறைவாக வரும்படி பிரித்து ஏற்றவேண்டும். கனமானதை முதலில் எடு, சுமை குறைந்த படகில் போடு என்பது ஹோரியாவின் வழி. வினாத்தாளில் இருந்த மாதிரிகளுக்கெல்லாம் விடை சரியாக வந்தது. மாதிரியை நம்பி எத்தனை தரம் சூடுபட்டாலும் எங்கள் கூட்டத்துக்குப் புத்தி வராது.

"அனுப்பிடுறேன்," என்றான்.

"இருடா," என்றேன். "மூட்டை எடை மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு. உன் வழியில என்ன வருது?"

விரல் விட்டுப் பார்த்தான். "ஏழும் அஞ்சும்."

"மூணு எடை உள்ள ரெண்டையும் ஒரே படகுல போடு. ஆறுக்கு ஆறு."

அவன் முகம் செத்துவிட்டது. "அப்போ வரக்கூடிய எடை ஒவ்வொண்ணுக்கும் அட்டவணை போடணும். லட்சம் மூட்டைடி, இலின்கா. நிரல் ஓடி முடிக்க நேரம் தாங்காது."

அது உண்மை. காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்த மீர்ச்சா தலை நிமிராமல் சொன்னான்.

"கணக்குல மொத்த எடைக்கு வரம்பு கொடுத்திருக்கான். அப்போ வேற வேற எடை கொஞ்சம்தான் இருக்க முடியும். ஒரே எடை மூட்டையெல்லாம் ஒரு கட்டா எடுத்துக்கலாம்."

நான் ஹோரியாவின் தோளைத் தட்டினேன். "எந்திரிங்க மகாராஜா."

எழுந்தான். மீர்ச்சாவைவிட என் கை வேகம் என்பதால் நான் உட்கார்ந்தேன். மீர்ச்சா சொல்லச் சொல்ல நிரலை அடித்தேன். ஹோரியா முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் பிழை பார்த்தான், தன் வழி போன கோபம் அவன் மூச்சில் கேட்டது. ஆனாலும் ஒரு பிழையைக்கூட விடவில்லை.

"அனுப்புற பொத்தானை நான் அழுத்துறேன்," என்றான் மீர்ச்சா.

அழுத்தினான். உடனே திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். திரையில் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இமைக்காமல் இருக்கப் பார்த்தேன். சக்கரம் நின்றது, 'சரி' என்று பச்சையில் வந்தது. ஹோரியாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.