கடலுக்குள் கரை வீதி

சாய்ந்தமருதுக் கடற்கரையின் வரலாற்றுக் கைநூலைப் போனில் கேட்கும்படி மாற்றத் தொடங்கியபோது, றிஸ்லாவை உறுத்தியது அச்சுப் புத்தகத்தின் வரைபடம்தான். கரையோடு அது முடிந்துவிட்டது. அப்பால் வெறும் நீலம். சுனாமி கொண்டுபோன வீடுகளும், பிறகு கடலரிப்பில் கரைந்த கரை வீதியும் அந்த நீலத்துக்குள்தான் கிடந்தன.

போன் வரைபடத்தில் நீலத்தின் மேலும் புள்ளி வைக்கலாம். றிஸ்லா வைத்தாள். அந்த வீதியில் இருந்தவர்களைத் தேடிப்போய்க் குரல்களைப் பதிந்தாள். போன் எந்தப் புள்ளிக்கு வந்ததும் எந்தக் குரல் பேச வேண்டும் என்பதைப் பாண்டிருப்பு ஊர்க் கிருஷாந்தன் கணினியில் கோத்துக் கொடுத்தான். அதே வீதியில் இருந்த, அவள் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் மீனவர் ஹிஷாம் மட்டும் வாய் திறக்கவில்லை.

"எனக்குக் கதைக்க ஒண்டுமில்ல புள்ள."

ஆனால் கடலுக்குள் எல்லாம் சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க றிஸ்லா அவருடைய தோணியைக் கேட்டபோது மறுக்கவுமில்லை.

பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். கடல் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. கொஞ்சத் தூரம் போனதும் றிஸ்லாவின் மடியிலிருந்த போன் தானாகப் பேசியது. யாரோ ஒரு கிணற்றைப் பற்றிச் சொன்னார். அடுத்து சல்மா உம்மாவின் குரல்: "இதுதான் எங்கட வாசல். பக்கத்துல ஹிஷாம்ட வீட்டு வளவு."

ஹிஷாம் எஞ்சினை நிறுத்தினார். தோணி மெல்ல நழுவியது. தண்ணீருக்கடியில் கதவுகள் திறந்து மூடுவதுபோல் றிஸ்லாவுக்கு இருந்தது. பிறகு போன் அடங்கிவிட்டது.

"ஏன், இதில ஒண்டும் கதைக்குதில்ல?"

"நீங்கதானே காக்கா, ஒண்டும் தரல்ல."

அவர் கையைத் தண்ணீரில் அளையவிட்டார்.

"இப்ப பதியலாமா?"

"ஓம்."

"எண்ட மகள் அப்னா. வீட்டு முத்தத்துல ஜம்பு மரம் ஒண்டு நிண்டிச்சு. முதல்முதலாக் காய்ச்சதும், பழுக்க முந்தியே புடுங்கி வீடு வீடாக் குடுத்துட்டு வந்தா. 'வாப்பாக்கு எங்க?' எண்டன். கடிச்ச பாதியைத் தந்தா. சரியான புளிப்பு. நான் முகத்தைச் சுழிக்க, அவ சிரிச்ச சிரிப்பு..." நிறுத்தினார். "அவ்வளவுதான். மத்தது ஊருக்கே தெரியும்."

பதிவில் தோணியின் விலாவில் தண்ணீர் தட்டும் சத்தமும் விழுந்திருந்தது. அதை எடுத்துவிடவா என்று கிருஷாந்தன் கேட்டான். "வேணாம், கிடக்கட்டும்" என்றாள் றிஸ்லா.

இப்போது ஹிஷாம் கடலுக்குப் போகும்போது அந்த இடத்தில் அவர் குரலே அவர் சட்டைப்பையிலுள்ள போனிலிருந்து கேட்கிறது. சில நாட்களில் எஞ்சினை நிறுத்திவிட்டு, முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் போகிறார்.